தலைக்கு ஒரு துண்டு

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் முடிகிற அன்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தாங்கள் முன்பு பார்த்த வேலையைப் பற்றிப் பேச வேண்டும். சும்மா ஊர்க்கதை பேசினால் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து கடன் கொடுக்கிறவர்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று உங்கள் தொழிலில் இருக்கும், அதைச் சொல்லுங்கள் என்பார் மேலாளர். சிறு கடைகளுக்குக் கடன் கொடுக்கிற கம்பெனி அது. படிப்பு எதுவானாலும், முன்பு பார்த்த வேலை எதுவானாலும் வரலாம் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். போட்டபடியே எடுக்கவும் செய்தார்கள். நுரையோடு சேர்ந்தவர்களில் ஒருவர் பஸ் ஓட்டியவர், ஒருவர் மருந்துக் கடையில் நின்றவர், இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர்.

நுரை என்பது அவளுடைய பெயர் இல்லை. முன்பு வேலை பார்த்த பார்லரை நடத்திய அக்கா வைத்த பட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஷாம்புவைக் கை நிறைய ஊற்றிக்கொண்டு, தலை கழுவ வந்த ஒரு அம்மாவின் நெற்றி, காது எல்லாம் மறைகிற அளவுக்கு நுரை கிளப்பிவிட்டாள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஆள் இருக்காங்களான்னு கூப்பிட்டுப் பாருடி" என்றாள். நுரைக்குள்ளிருந்த அம்மாவே சிரித்துவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான். கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது.

அவளுக்கு முன்னால் பஸ் ஓட்டியவர் பேசினார். எல்லோரும் அவரை டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தூங்கிக் கோட்டை விட்டவர்கள் அவரிடம் சண்டைக்கு வருவதையும், கடைசி சீட்டில் யாரோ விட்டுப்போன கோழி ஒன்று ஸ்டாப் வந்ததும் தானே இறங்கிப் போனதையும் சொன்னார். நன்றாகச் சிரித்தார்கள். ஆனால் மேலாளர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடியபடி, "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். மூடிய அந்தப் பேனாவையே நுரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் சொந்த அண்ணன் வீட்டில் ஹாலில் படுக்கிறாள். வந்த நாளிலிருந்து அண்ணி ஒரு வார்த்தை முகம் சுளித்ததில்லை, அதுவே பெரிய பாரமாக இருந்தது. இந்த வேலை கிடைத்ததைச் சொன்னபோது அம்மா போனில் அழுதேவிட்டார். தலை கழுவுகிற பெண்ணை எதற்கு எடுத்தோம் என்று இவர்கள் நினைத்துவிடக் கூடாது.

அவள் எழுந்து நின்றாள். முதலில் என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. பிறகு ஒரு வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

"எங்க தொழில்ல தலைக்கு ஒரு துண்டு. பில்லு என்ன வேணா சொல்லும், சார். துண்டு பொய் சொல்லாது."

மேலாளர் பேனாவைத் திறந்தார்.

அவ்வளவுதான், நுரைக்குத் தைரியம் வந்துவிட்டது. பார்லருக்கு வருகிறவர் முடி வெட்டினாலும், டை அடித்தாலும், தலை கழுவினாலும் கழுத்தில் ஒரு துண்டு போட்டே ஆக வேண்டும் என்றாள். அந்தத் துண்டு அன்றைக்கே சலவைக்குப் போயாக வேண்டும், சலவைக்காரர் எண்ணித்தான் வாங்குவார், எண்ணித்தான் ரசீது கொடுப்பார். ஆகவே ஒரு கடைக்கு உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் சலவை ரசீதைப் பாருங்கள் என்றாள். சில கடைகளில் வியாபாரம் படுத்திருக்கும் மாதங்களில் முதலாளியே வராத ஆளுக்குப் பில் போட்டு, தன் கைக்காசைக் கல்லாவில் போடுவதுண்டு. பில்லைப் பார்த்தால் கடை நிரம்பி வழிந்த மாதிரி இருக்கும். துண்டைப் பார்த்தால் ஈ ஓட்டியது தெரியும்.

பிறகு மேலாளர், "பட்ஜெட்ல துண்டு விழும்னு கேள்விப்பட்டிருக்கேன். துண்டுலயே பட்ஜெட் பார்க்கலாம்னு இன்னைக்குத்தாம்மா கேட்கிறேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வாரமே அது விதியாகிவிட்டது. பார்லர், சலூன் விண்ணப்பம் எது வந்தாலும் சலவை ரசீதையும் வாங்கி, துண்டு எண்ணிக்கையை மீறிய வருமானத்தைக் கழித்துவிட்டே கடன் தகுதி பார்க்க வேண்டும். நுரை அன்றைக்கு வீட்டுக்குப் போன நடையே வேறு. அண்ணி கதவைத் திறந்ததும், "என்ன, ஆபீஸையே விலைக்கு வாங்கிட்டியா?" என்று கேட்டாள்.

ஆனால் நுரை சொன்னது பாதி. மீதிப் பாதியை அவள் வேண்டுமென்று மறைத்தாள் என்று சொல்ல முடியாது. சொன்னால் தன் கதை வெளியே வந்துவிடும் என்று வாய் தானாக அங்கே நின்றுவிட்டது.

மீதிப் பாதி இதுதான். அக்காவின் பார்லருக்கு எதிரே குழாய் பதிக்கிறோம் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டார்கள். பள்ளத்தின் மேல் ஒரு பலகை. அதில் ஏறி இறங்கி யார் வருவார்கள்? டை அடித்துக்கொள்ள வருகிற பெரியம்மாக்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பார்லரில் நுரையையும் சேர்த்து நான்கு பெண்கள். சம்பளம் என்று தனியாகக் கிடையாது, வருகிற தலைக்கு இவ்வளவு என்று பங்கு. தலையே வராதபோது பங்கு எங்கிருந்து வரும்? எல்லோரும் வாடகைக்கு என்ன செய்வது என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் சீப்பு துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் வாரக் கடைசியில் பங்கு வந்தது. முன்பு வந்த அளவு இல்லை, வாடகைக்குக் குறைவில்லாமல் வந்தது.

சலவையிலிருந்து வந்த துண்டுகளை மடித்து அடுக்குவது நுரையின் வேலை. அடுக்கு முழங்கால் அளவுகூட வரவில்லை. பில் கட்டைப் பார்த்தால் தடியாக இருந்தது. ஒருநாள் துண்டுகளை மடித்தபடியே, "அக்கா, தலைக்கு ஒரு துண்டுன்னு நீங்கதானே சொல்வீங்க, இங்க தலை அதிகமா இருக்கே" என்று விளையாட்டாகக் கேட்டாள். அக்கா கல்லாவை மூடினாள். எப்போதும் தங்க வளையல் போட்ட கை அன்றைக்கு வெறும் கையாக இருந்தது.

"மடிக்கிற வேலைய மட்டும் பாரு."

அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சும்மா கையில் கொடுத்தால் நான்கு பேரில் இரண்டு பேராவது வாங்கியிருக்க மாட்டார்கள், அது அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் வராத தலைக்குப் பில் போட்டு, வளையல் காசைப் பங்காகக் கொடுத்தாள். பார்லர் வேலை பிடித்தா வந்தாய், படித்த படிப்புக்கு ஏதாவது பார் என்று கம்பெனி விளம்பரத்தைப் போனில் காட்டியதும் அக்காதான். நேர்முகத்துக்குப் போகும் நாளில் தலைமுடியைச் சீராக வாரிவிட்டதும் அவள்தான்.

நுரை வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆன பிறகு, ஒரு விடுமுறை நாளில் பார்லருக்குப் போனாள். அக்கா ஒருவருக்கு டை கலந்துகொண்டே செய்தி சொன்னாள். கட்டடத்தை இடிக்கப்போகிறார்களாம். மூன்று கடை தள்ளி ஒரு இடம் காலியாக இருக்கிறது, தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறது, அட்வான்ஸும் உள்வேலையும்தான் கையைக் கடிக்கிறது. ஆகவே கடனுக்கு எழுதிப் போட்டுவிட்டாள்.

"எங்கேக்கா?"

"எங்கன்னு கேக்குறா பாரு. உங்க கம்பெனிலதான். நம்ம ஆளு உள்ள இருக்கும்போது வெளிய எதுக்கு அலையணும்?"

தலையில் டையோடு உட்கார்ந்திருந்த அம்மா, நல்ல யோசனை என்று தலையாட்டப் போய், ஆடாதீங்க என்று அக்காவிடம் திட்டு வாங்கினார். மற்ற மூன்று பெண்களும் புதுக் கடையில் எந்தப் பக்கம் கண்ணாடி வைப்பது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். நுரை சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். சலவை ரசீதையும் கேட்டார்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் ஏன் என்று அக்கா திருப்பிக் கேட்பாள். ரோடு தோண்டிய மாதங்கள் பழசாகிவிட்டன, அவ்வளவு தூரம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பார்த்தார்கள். விண்ணப்பம் டிரைவர் அண்ணன் மேஜைக்குத்தான் வந்தது. அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பலகைதான். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் பக்கம் நின்றார்.

"தங்கச்சி, ஒரு பார்லர் கேஸு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடுவுல சில மாசம் மட்டும் துண்டு இடிக்குது. பில்லு ஒரு பக்கம் போகுது, துண்டு ஒரு பக்கம் போகுது. இது உன் விஷயம். நீ சொல்லு, இதுக்கு வேற ஏதாச்சும் காரணம் இருக்குமா?"

அவருக்கு அந்தக் கடையையும் அவளையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. அவள் எந்தப் பார்லரில் இருந்தாள் என்று கம்பெனியில் பெரிதாக யாரும் கேட்டதில்லை. காகிதத்தின் மேல் மூலையில் அக்காவின் சின்னப் படம் இருந்தது. படம் எடுப்பதற்காகப் பொட்டை நேராக வைத்துக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்த முகம்.

காரணம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதான். அது ஏமாற்று இல்லை, எங்களுக்குக் கொடுத்த கூலி. நானும் வாங்கியிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ஆனால் தெரிந்தவர்களின் விண்ணப்பம் வந்தால் அன்றே மேலாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. பார்லரில் கேள்விப்பட்ட அன்றே அவள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவளை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த வாரம் வர வேண்டும். கைதட்டல் வாங்கிய பேச்சில் பாதியை முழுங்கிவிட்டாள் என்பதும் சேர்ந்து வெளியே வரும். மேலாளர் அந்த நேரம் பார்த்துக் காபி கோப்பையோடு அந்தப் பக்கமாக வந்து, என்ன ஆலோசனை நடக்கிறது என்று கேட்டார். பார்லர் கேஸ், தங்கச்சியிடம் கேட்கிறேன் என்றார் டிரைவர் அண்ணன். இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"விதிப்படி பாருங்கண்ணே" என்றாள் நுரை.

"அதுவும் சரிதான்" என்று அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் போனில் அவர் பொறுமையாகப் பேசுவது கேட்டது. அம்மா, தலைக்கு ஒரு துண்டு என்று ஒரு கணக்கு இருக்கிறதும்மா, அதில்தான் கொஞ்சம் குறைகிறது, வேறு விளக்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார். சரிங்கம்மா, சரிங்கம்மா என்று வைத்துவிட்டார். விளக்கம் ஒன்றும் இல்லை என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம். பாவம், நல்ல மனுஷியாகத் தெரிகிறது என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டதும் இந்தப் பக்கம் கேட்டது.

கடன் இல்லை என்று அக்காவுக்குப் பதில் போனது, அதே வாரம் நுரைக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. அண்ணி இனிப்பு வாங்கி வந்தாள். அம்மா போனில் மறுபடியும் அழுதார். நுரை இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, வேலை நிரந்தரமான சந்தோஷத்தில் பெண் மலைத்துப்போய்விட்டாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை மேலாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ரோடு, பள்ளம், பங்கு, வெறும் கை, அந்த நான்கு பேரில் தானும் ஒருத்தி என்பது. அவர் நல்ல மனிதர். குறுக்கே பேசாமல் கேட்டார். தெரிந்தவர் என்று முன்பே சொல்லாதது தப்பு என்று சொல்லி, அதை எழுதி வைப்பேன், ஆனால் வேலைக்கு ஆபத்து வராது என்றார். முடிவு போய்விட்டது, திரும்ப எடுக்க வழியில்லை என்றார். ஒரு வருடம் கழித்து மறுபடியும் எழுதிப் போடச் சொல்லலாம், அப்போது இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

"ஒரு வருஷம் கழிச்சுக் கடை இருக்காதே, சார்."

அவர் மேஜையைப் பார்த்தார். "அன்னைக்கே இதையும் சொல்லிருந்தீங்கன்னா விதியவே வேற மாதிரி எழுதிருப்போம்மா. கைக்காசைப் போட்டுக் கூலி கொடுக்கிற ஆளு கடனைக் கட்டாமலா போயிடுவாங்க?"

அவள் வெளியே வந்தபோது டிரைவர் அண்ணன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவரிடமும் சொன்னாள். அவர் டப்பாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைத் திட்டவில்லை. அவள்தான் கேட்டாள், அன்றைக்கு நீங்கள் ஏன் அண்ணே கோழிக் கதையோடு நிறுத்திக்கொண்டீர்கள் என்று.

"எனக்கும் நாலு விஷயம் தெரியும் தங்கச்சி. கூட ஓட்டினவனுங்க இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்கானுங்கல்ல" என்றார்.

பார்லர் இடிபட்டபோது நுரை அந்தப் பக்கம் போகவில்லை. அந்த மூன்று பெண்களும் ஆளுக்கொரு திசையாகப் போனதைப் பிறர் சொல்லித்தான் கேட்டாள். மூன்று கடை தள்ளி இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை வந்துவிட்டதாம். அக்கா ஒரு பெரிய வணிக வளாகத்தில் யாரோ நடத்துகிற பார்லரில் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தாள். போய்ப் பார்க்க வேண்டும், போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நுரை நாளைக் கடத்தினாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் கால் தானாக அங்கே கொண்டுபோய் விட்டது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை. சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தார்கள். அக்காவை அந்தச் சட்டையில் பார்த்ததும் அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது. அக்காவுக்கு அவளைத் தெரிய அந்த ஒரு நொடிகூட ஆகவில்லை.

"வாடி நுரை. முடி என்ன கோலத்துல இருக்கு? உட்காரு."

வேறு ஒருத்தி கழுவ வந்தாள், அக்கா அவளை அனுப்பிவிட்டுத் தானே தொட்டிக்குப் பின்னால் நின்றாள். நுரை தலையைச் சாய்த்தாள். தண்ணீரின் சூட்டை முதலில் தன் மணிக்கட்டில் பார்த்துவிட்டுத்தான் தலையில் விடுவது அக்காவின் வழக்கம், அது மாறவில்லை. அண்ணன், அண்ணி சௌக்கியமா என்றாள். இங்கே முதலாளியம்மா பரவாயில்லை, ஷாம்பு மட்டும் அளந்து கொடுக்கிறாள், உன்னை மாதிரி ஆள் இங்கே ஒருநாள் தாங்க மாட்டாள் என்றாள். நுரை சிரித்தாள். மல்லாந்து படுத்திருக்கும்போது சிரிப்பு தொண்டையில் வேறு மாதிரி இருக்கிறது.

"நம்ம கடைல டை போடுவாளே, அந்தப் பொண்ணு இன்னும் சும்மாதான் உட்கார்ந்திருக்கா" என்றாள் அக்கா. "உங்க கம்பெனில ஆள் எடுத்தா சொல்லு. எந்த வேலைலருந்து வந்தாலும் எடுப்பாங்கல்ல?"

"எடுப்பாங்கக்கா. நானே சொல்றேன்."

"சொல்லு."

விரல்கள் காதுக்குப் பின்னால் போய்த் தேய்த்தன. நுரை கண்ணை மூடிக்கொண்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. அக்கா, நான் ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினாள்.

"தெரியும்டி" என்றாள் அக்கா.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்தத் தம்பி போன்ல தலைக்கு ஒரு துண்டுன்னு சொன்னாரு பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அது நான் சொல்ற வார்த்தை. என் கடையத் தாண்டி எங்க போச்சுன்னு யோசிச்சேன். ரொம்ப யோசிக்க வேண்டி வரல."

"அவர்கிட்ட நீங்க ஏன்க்கா எதுவும் சொல்லல? கேட்டாரே."

"என்னத்தச் சொல்ல? என் புள்ளைங்களுக்கு நான் பிச்ச போட்டேன்னா? அதுல ஒருத்தி அங்கயே வேலை பாக்குறா, அவளுக்கு அசிங்கமா இருக்காது?"

நுரையின் கண்ணோரத்திலிருந்து வழிந்தது தொட்டித் தண்ணீரோடு சேர்ந்து போனது. அக்கா குழாயை நிறுத்தினாள். பிழிந்து, முடியை ஒரு பக்கமாகச் சேர்த்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நுரைக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன். முதலாளி கைக்காசு போடுவாங்கன்னு அங்க முதல்ல சொன்னப்ப, எதுக்குப் போடுவாங்கன்னும் சொன்னியா?"

"இல்லக்கா, அப்ப சொல்லல."

அக்கா முடியில் மிச்சமிருந்த ஈரத்தைக் கையால் வழித்துவிட்டாள்.

"சொல்லிருக்கலாம்" என்றாள்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறி, நுரையின் தலையைச் சுற்றிக் கட்டி, கழுத்தில் ஈரம் இறங்காமல் ஓரத்தை உள்ளே செருகிவிட்டாள். முன்பக்கம் மேஜையிலிருந்து அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று குரல் வந்தது. இதோ என்று சொல்லிவிட்டு அக்கா போனாள்.

முடி வெட்ட வேறு ஒரு பெண் வந்தாள். அவள் கேட்டதற்கெல்லாம் நுரை தலையாட்டினாள். வெட்டி முடித்ததும் ஈரத் துண்டைக் கூடையில் போட அந்தப் பெண் கை நீட்டினாள். நுரை கொடுக்கவில்லை. அதை மடியில் வைத்து, ஓரங்களைச் சேர்த்து, பழைய கடையில் மடிப்பது போலவே மடித்தாள். மடித்துவிட்டுத்தான் அது அழுக்குத் துண்டு என்பது நினைவு வந்தது.